யாராவது போயிருப்பார்கள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

  

விழாக் குழுவினர் என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்களும் அரைமணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டார்கள். எதைப்பற்றி என்றேன். பிறரன்பைப் பற்றி என்றார்கள். நெடுங்காலம் கரும்பலகை முன் நின்றவள் நான். "பிறரை நேசியுங்கள்" என்று வெறுமனே சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஒரு கதையோடு தொடங்குகிறேன். கற்பனைக் கதை அல்ல. உண்மையில் நடந்த ஒரு கொலை.

கொலை என்றதும் பின்வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். பரவாயில்லை, நானும் அப்படித்தான். முன்பெல்லாம் தேநீர்க் கடையில் ஒருவர் தினத்தாளை விரித்து உரக்கப் படிப்பார், பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். இன்று கைப்பேசியிலேயே கொலைக் கதைகளைச் சொல்கிறார்கள். சமைத்துக்கொண்டே கேட்கிறோம். கொன்றவன் யார், எப்படிக் கொன்றான், எத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஏன் ஒருவரும் தடுக்கவில்லை என்றெல்லாம் அலசுகிறோம். அலசி முடித்ததும், "காலம் கெட்டுப்போச்சு, மனுசருக்கு இரக்கமே இல்லை" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போகிறோம். அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

நியூயார்க்கில் ஓர் இரவு

அமெரிக்காவில் நியூயார்க் மாநகரின் ஒரு பகுதி குவீன்ஸ். அதிலே கியூ கார்டன்ஸ் என்பது அமைதியான குடியிருப்பு. 1964-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, அதிகாலை மூன்றேகால் மணியளவில் கேதரின் ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வேலை முடிந்து வீடு திரும்பினாள். எல்லோரும் அவளைக் கிட்டி என்றே அழைத்தார்கள். இத்தாலிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். ஒரு மது விடுதியில் மேலாளராக இருந்தாள். பெற்றோரும் தம்பி தங்கையரும் கனெக்டிகட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பின்னும், தன் உழைப்பில் வாழ வேண்டும் என்று அவள் மட்டும் நகரிலேயே தங்கிவிட்டாள்.

ரயில் நிலையத்தை ஒட்டிய இடத்தில் காரை நிறுத்தினாள். வீட்டு வாசல் அங்கிருந்து ஏறத்தாழ நூறடி. அந்த நூறடியைக் கடப்பதற்குள் முன்பின் அறியாத ஒருவன் துரத்தி வந்து முதுகில் கத்தியால் குத்தினான். காப்பாற்றுங்கள் என்று அவள் அலறினாள். எதிரேயிருந்த உயரமான அடுக்குமாடிக் கட்டடத்தில் விளக்குகள் எரிந்தன. ஒரு சன்னல் திறந்தது. அந்தப் பெண்ணை விட்டுவிடு என்று ஒருவர் மேலேயிருந்து சத்தம் போட்டார். குத்தியவன் ஓடிவிட்டான். கிட்டி எழுந்து, தள்ளாடியபடி கட்டடத்தைச் சுற்றிப் பின்புறம் போனாள். பிரச்சினை தீர்ந்தது என்று சன்னல்கள் மூடின. விளக்குகள் அணைந்தன.

சுமார் பத்து நிமிடம் கழித்து அவன் திரும்பி வந்தான். தேடினான். பின்புற வாசலுக்குள், மாடிப்படியின் அடியில் அவளைக் கண்டான். அங்கே நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. நம் தாய்மாரும் சிறுபிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள் என்பது மட்டுமல்ல காரணம். அவளுக்கு நேர்ந்ததைச் சுவைத்துக் கேட்பதற்காக நாம் இங்கே கூடவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியில் அவள் உயிர் பிரிந்தது.

பெரிய வெள்ளியன்று வந்த செய்தி

முதலில் பத்திரிகைகள் இதை ஒரு சிறு செய்தியாகவே போட்டன. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 27-ஆம் நாள், 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அந்த ஆண்டு அது பெரிய வெள்ளிக்கிழமை. கட்டுரையின் சாரம் இது: மரியாதைக்குரிய 38 குடிமக்கள், அரைமணி நேரத்துக்கும் மேலாக, ஒரு பெண் மூன்று முறை தாக்கப்படுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடக் காவல் துறையை அழைக்கவில்லை.

அன்பர்களே, அந்த 38 என்ற எண் உலகம் சுற்றியது. கல்லூரிப் பாடநூல்களில் ஏறியது. மேடைகளிலும் பிரசங்கங்களிலும் முழங்கியது. நகர வாழ்க்கை மனிதனைக் கல்லாக்கிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்றார்கள். இந்த ஆசிரியையும் நன்னெறி வகுப்பில், "38 கல்நெஞ்சர்கள்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்தியவள்தான்.

ஆனால் அந்தக் கதை அப்படியே உண்மை அல்ல.

அப்பகுதியில் வாழ்ந்தவர்களும் ஆய்வாளர்களும் நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். தாக்குதல் மூன்று அல்ல, இரண்டு. இரண்டாவது தாக்குதல் கட்டடத்தின் பின்புறம், கதவுக்குள்ளே நடந்தது. சன்னலில் நின்ற எவர் கண்ணுக்கும் அது தெரிந்திருக்க முடியாது. மார்ச் மாதக் குளிரில் சன்னல்களை மூடி உறங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர் ஏதோ சத்தம் கேட்டார்கள், அவ்வளவுதான். காதலர் சண்டை என்று சிலர் நினைத்தார்கள். மதுக்கடையிலிருந்து வந்த கூச்சல் என்று சிலர் நினைத்தார்கள். முதல் அலறலுக்குப் பிறகே தன் தந்தை காவல் துறைக்குத் தொலைபேசி செய்தார் என்று, அந்நாளில் பள்ளிச் சிறுவனாயிருந்த ஒருவர் பிற்காலத்தில் எழுத்து மூலம் உறுதி கூறினார். நடப்பது கத்திக்குத்து என்று கண்டும் சும்மா இருந்தவர்கள் இரண்டு பேர் என்பதே பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. எதிர்க் கட்டடத்துப் பணியாளர் ஒருவர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பின்புற மாடியில் குடியிருந்த ஒருவர் கதவைத் திறந்து பார்த்தார், பயந்து மூடிக்கொண்டார். என்ன செய்யலாம் என்று நண்பர்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

2016-ஆம் ஆண்டு, அதாவது 52 ஆண்டுகள் கழித்து, அந்த நாளிதழே தன் பழைய கட்டுரைக்கு மேல் ஒரு குறிப்பைச் சேர்த்தது. சாட்சிகளின் எண்ணிக்கையும் அவர்கள் கண்டதும் மிகைப்படுத்தப்பட்டன என்று ஒப்புக்கொண்டது.

விட்டுப்போன ஒரு பெயர்

இப்போது அந்தக் கட்டுரையில் இல்லாத ஒரு பெயரைச் சொல்கிறேன். சோபியா ஃபாரர். கிட்டியின் அடுத்த வீட்டுக்காரி, தோழி. சின்ன உருவம், கைக்குழந்தைக்காரி. நள்ளிரவு கடந்து தொலைபேசி வந்தது, கிட்டிக்கு ஆபத்து என்று. கணவர் உடை மாற்றும்வரைகூட அந்தப் பெண்மணி காத்திருக்கவில்லை. இருட்டில் படியிறங்கி ஓடினார். கொலைகாரன் போய்விட்டானா, கதவுக்குப் பின்னால் நிற்கிறானா என்று அவருக்குத் தெரியாது. உள்ளே போனார். இரத்த வெள்ளத்தில் கிடந்த கிட்டியைத் தன் கைகளில் ஏந்திக்கொண்டார். உதவி வந்துகொண்டிருக்கிறது என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார், ஆம்புலன்ஸ் வரும்வரை.

பியேத்தா சுரூபத்தை நாம் அறிவோம். மரித்த மகனை மடியில் தாங்கிய மாமரி. கியூ கார்டன்ஸின் அந்த மாடிப்படியடியில் அப்படியொரு காட்சி இருந்தது. ஆனால் உலகம் 38 பேரை எண்ணியது. இந்த ஒருவரை எண்ண மறந்தது.

அதன் விளைவை நினைத்துப் பாருங்கள். கிட்டிக்கு வில்லியம் என்று ஒரு தம்பி. அப்போது அவருக்கு வயது 16. அக்காள் தெருநாய் போல, யாருமின்றி, எல்லோரும் பார்த்திருக்கச் செத்தாள் என்று நம்பியே அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் வாழ்ந்தது. அந்தப் 38 பேரைப் போல நானும் ஒதுங்கி நிற்கமாட்டேன் என்ற எண்ணத்தோடு அந்தத் தம்பி படையில் சேர்ந்து வியட்நாம் போருக்குப் போனார். இரண்டு கால்களையும் இழந்து திரும்பினார். முதிர்ந்த வயதில் தாமே உண்மையைத் தேடிப் புறப்பட்டு, சோபியாவைச் சந்தித்தார். அந்தத் தேடல் 2015-இல் ஓர் ஆவணப்படமாக வெளிவந்தது. தன் அக்காள் ஒரு தோழியின் கைகளில் கிடந்தாள் என்று முன்பே தெரிந்திருந்தால், தங்கள் குடும்பத்துக்கு அது எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவர் சொன்னார். சோபியா 2020-ஆம் ஆண்டு, 92-ஆம் வயதில் காலமானார்.

பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளையைச் சிறுவயதிலேயே மறைக்கல்வியில் படிக்கிறோம். நீதிமன்றத்தில் கூண்டேறிச் சொன்னால்தான் பொய்ச்சாட்சி என்று எண்ணிக்கொள்கிறோம். ஒரு கொலையைப் பற்றி, தெரிந்தது பாதியும் தெரியாதது பாதியுமாகப் பேசுகிறோமே, அதுவும் சாட்சிதான். அதைக் கேட்கும் ஒரு தாயும் தம்பியும் எங்கேயோ இருக்கிறார்கள்.

நெஞ்சு கல்லா, கை கட்டுண்டதா?

"அப்படியானால் மனிதர்கள் நல்லவர்கள்தான், பிரச்சினை ஒன்றும் இல்லை என்கிறீர்களா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இல்லை. கூட்டத்தில் நிற்கும்போது நமக்கு ஏதோ ஒன்று ஆகிறது. அது என்ன என்பதை இந்தக் கொலைக்குப் பிறகு இரண்டு மனோதத்துவப் பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். ஒருவர் ஜான் டார்லி, மற்றவர் பிப் லட்டானே.

1968-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, இன்டர்காம் வழியாக ஒருவரோடொருவர் பேசச் செய்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு வலிப்பு வந்து மூச்சுத் திணறுவது போலக் குரல் கேட்கும். உண்மையில் அது ஒலிப்பதிவு. "அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் கேட்கிறது" என்று நம்பிய மாணவர்களில் நூற்றுக்கு 85 பேர், அந்தக் குரல் அடங்குமுன்பே அறையை விட்டு உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் ஓடியவர்கள் நூற்றுக்கு 31 பேர் மட்டுமே.

ஓடாதவர்கள் கல்நெஞ்சர்களா? இதைக் கவனியுங்கள். ஆய்வாளர் அறைக்குள் நுழைந்தபோது அவர்களுக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் கேட்டார்கள். அவர்களுக்கு அக்கறை இருந்தது. ஆனால் எழுந்து போவதா வேண்டாமா என்ற தயக்கத்திலேயே நேரம் போய்விட்டது. பொறுப்பு ஐந்து பேருக்குப் பங்கிடப்பட்டபோது, ஒவ்வொருவர் பங்கும் எழுந்து போவதற்குப் போதாமல் போயிற்று.

இன்னொரு சோதனையில், மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் புகை வரச் செய்தார்கள். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் போய்ச் சொன்னார்கள். அருகே இருவர் ஒன்றுமே நடக்காதது போல அமர்ந்திருக்கச் செய்தபோது, போய்ச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்கள்! அவர் சும்மா இருக்கிறாரே, அப்படியானால் ஆபத்து இருக்காது என்று நாம் எண்ணுகிறோம். நம்மைப் பார்த்து அவரும் அதையே எண்ணுகிறார்.

இன்னும் ஓர் ஆய்வு உண்டு. அது நம்மைப்போலக் கோவிலுக்கு வருபவர்களைச் சுடும். 1973-இல் வெளிவந்தது, நடந்த இடம் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி. அது பிரெஸ்பிட்டீரியன் சபையினர் நடத்துவது. அங்கே படித்த 40 மாணவர்களை ஒருவர் ஒருவராக அடுத்த கட்டடத்தில் ஒரு சிற்றுரை ஆற்ற அனுப்பினார்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? நல்ல சமாரியன் உவமை. போகும் வழியில் ஒரு மனிதர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டு, வாசற்படியில் சுருண்டு கிடந்தார். அவரும் ஏற்பாட்டின்படி நடித்தவர்தான். நேரம் இருக்கிறது என்று நம்பிப் போனவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் பத்தில் ஒருவர்தான் நின்றார். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படியாக அதிகம் உதவவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசுவதற்காக, விழுந்துகிடந்தவரைத் தாண்டிக்கொண்டே சிலர் போனார்கள்!

லூக்கா நற்செய்தியில் வரும் அந்தக் குருவும் லேவியனும் ஏன் விலகிப் போனார்கள் என்று நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கெட்டவர்கள் என்று முடிவு கட்டியிருக்கிறோம். ஒருவேளை அவர்களுக்கும் வழிபாட்டுக்கு நேரமாகிவிட்டதோ? பின்னால் இன்னொருவர் வருகிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று முன்னால் போனவர் எண்ணினாரோ?

ஆறுதலான செய்தியும் உண்டு. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நகரங்களில் தெருக் கேமராக்களில் பதிவான 219 தகராறுகளை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது தகராறுகளில் பார்த்து நின்றவர்களில் ஒருவராவது குறுக்கே வந்து தடுத்திருந்தார்.

கிட்டியைக் கொன்ற வின்ஸ்டன் மோஸ்லி எப்படிப் பிடிபட்டான் தெரியுமா? ஒரு வாரத்துக்குள் குவீன்ஸிலேயே ஒரு வீட்டிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியைத் திருடி எடுத்துப் போனான். அடுத்த வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை, கேட்டார். வீட்டைக் காலி செய்ய உதவுகிறேன் என்றான். அவர் இன்னோர் அயலாரைக் கூப்பிட்டு விசாரித்தார். யாரும் காலி செய்யவில்லை என்று தெரிந்தது. ஒருவர் காவல் துறையை அழைத்தார். மற்றவர் அவன் காரின் இஞ்சினில் ஒரு பாகத்தைக் கழற்றி, ஓடாதபடி செய்தார். அக்கம்பக்கத்தாரின் அலட்சியத்துக்கு உதாரணமாகிப்போன அந்த வழக்கில், குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தவர்களே அக்கம்பக்கத்தார்தான்.

என் வீட்டு விளக்கு

இதுவரை அமெரிக்காக் கதை சொன்னேன். இனி என் கதை. இந்தப் பங்கில் நடந்தது அல்ல. பல ஆண்டுகளுக்கு முன், வேலை மாற்றத்தில் வேறோர் ஊரில் வாடகை வீட்டில் இருந்தபோது நடந்தது.

நெருக்கமான தெரு. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு மேல் நான்காவது வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் அலறல். புருசன் குடித்துவிட்டு அடிக்கிறான். நான் எழுந்து விளக்கைப் போட்டேன். எதிர்வீட்டிலும் விளக்கு எரிந்தது. வரிசையாக ஐந்தாறு வீடுகளில் எரிந்தது. நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். "புருசன் பொண்டாட்டி விஷயம், நாம போய் நின்னா நல்லா இருக்காது" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. எதிர்வீட்டு அண்ணன் பெரியவர், அவர் போவார் என்று நினைத்தேன். அவர் என்ன நினைத்தாரோ! சிறிது நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. யாராவது போயிருப்பார்கள் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

யாரும் போகவில்லை.

சில வாரம் கழித்து அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாள். புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னாள்: "எல்லா வீட்டுலயும் விளக்கு எரிஞ்சுது டீச்சர். இப்ப யாராவது வருவாங்க, இப்ப யாராவது வருவாங்கன்னு சன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒவ்வொண்ணா அணைச்சாங்க."

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அணைந்த விளக்குகளில் ஒன்று என் வீட்டு விளக்கு. 38 கல்நெஞ்சர்களைப் பற்றி நான் பாடம் நடத்தியதும் அதே ஊரில்தான், அதே ஆண்டில்தான். நியூயார்க்கின் சன்னல்களை எண்ணத் தெரிந்த எனக்கு என் தெருவின் சன்னல்களை எண்ணத் தெரியவில்லை.

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டி, செய்த பாவங்களோடு செய்யாமல் விட்டவற்றுக்காகவும் மன்னிப்புக் கேட்கிறோம். முன்பு அந்த இடம் வரும்போது எனக்கு ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. இப்போது அந்த விளக்கு நினைவுக்கு வருகிறது.

நாம் செய்யக்கூடியது

வீரம் காட்டச் சொல்லவில்லை. கத்தி வைத்திருப்பவன் மேல் பாயச் சொல்லவில்லை. சின்னச் சின்னக் காரியங்கள் போதும்.

முதலாவது, யாராவது போயிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தவுடனே அதைச் சந்தேகப்படுங்கள். அதே நினைப்பு மற்ற வீடுகளிலும் வந்திருக்கும்.

இரண்டாவது, தனியாகப் போகப் பயமாக இருந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "அண்ணே, எனக்கும் கேட்டுச்சு, வாங்க போவோம்" என்ற ஒரு வார்த்தை போதும். ஒருவர் அசைந்தால் மற்றவர்களும் அசைவார்கள். அடிக்கிற வீட்டு வாசலில் நின்று, "அக்கா, கொஞ்சம் தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டாலே ஓங்கிய கை தாழும்.

மூன்றாவது, விபத்து நடந்த இடத்தில் கூட்டத்தைப் பார்த்து, "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தாதீர்கள். யாராவது என்பவர் எந்த ஊரிலும் இல்லை. ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டை போட்ட தம்பி, நீங்க 108-க்குப் பேசுங்க" என்று சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் பொறுப்பு ஓர் ஆள்மேல் இறங்கும். நீங்களே ஆபத்தில் இருந்தாலும் அப்படியே கேளுங்கள்.

நான்காவது, கோர்ட்டு கேஸ் என்று இழுத்தடிப்பார்களே என்ற பயம். விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை 2016-இல் உச்சநீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் அந்தப் பாதுகாப்பு சட்டமாகவே சேர்க்கப்பட்டது. குடும்ப வன்முறையைத் தடுக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமோ, பாதிக்கப்பட்ட பெண்தான் புகார் தர வேண்டும் என்று சொல்லவில்லை. அறிந்த எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் வழக்குப் போட முடியாது. பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. ஆகவே "குடும்ப விஷயம்" என்ற சாக்குக்குச் சட்டத்திலும் இடமில்லை.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை ஒரு கொலைச் செய்தியைப் பற்றிப் பேச உட்காரும்போது, பார்த்து நின்றவர்களைத் திட்டுமுன் சற்று நில்லுங்கள். இறந்தவருக்கும் ஒரு குடும்பம் உண்டு என்று நினையுங்கள். அந்த இடத்தில் ஓடிப்போன ஒருவர் இருந்தாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் இருந்திருப்பார். அவரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கல்நெஞ்சரைப் பற்றி மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, உலகம் இப்படித்தான் என்று கதவைச் சாத்திக்கொள்ளும். சோபியாவைப் பற்றிக் கேட்ட பிள்ளை ஒருநாள் படியிறங்கி ஓடும்.

அன்பர்களே! 50 ஆண்டுகளாக இந்தக் கோவில் மணி நம்மைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மணியடித்தால் வந்துவிடுகிறோம். நேரமாகிவிட்டால் ஓடியே வருகிறோம். வரும் வழியிலும் சிலர் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் மணி இல்லை. நள்ளிரவில் ஓர் அலறல், சாலையோரத்தில் ஒரு முனகல், அவ்வளவுதான். இந்தப் பொன்விழாவில் நாம் கோபுரத்துக்கு மின்விளக்குத் தோரணம் கட்டியிருக்கிறோம், பார்க்க அழகாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெரு நினைவுக்கு வருகிறது. விளக்குப் போடுவது சுலபம், தாழ்ப்பாளைத் திறப்பதுதான் கடினம்.

அந்தத் தாழ்ப்பாளை அன்று திறக்காத ஒருத்தி கேட்டுக்கொள்கிறேன். நம் தெருக்களில் இனி ஒரு பெண் சன்னல் வழியாகப் பார்த்து, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.